கிழிந்த பிரதிகளின் பக்கம் நின்று

பழைய தமிழ் காமிக்ஸ் தேடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் போனில் பேசும்போது முதலில் வரும் கேள்வி, "அட்டை இருக்கா?" என்பதுதான். அடுத்தது, "பைண்டிங்கா, தனியா?" அதற்கும் அடுத்தது, "உள்ளே பேர் கீர் எழுதியிருக்கா?" கதை எது, யார் வரைந்தது, எந்த வருடம் என்பதெல்லாம் இந்த மூன்றையும் தாண்டித்தான் வரும். அட்டை போயிருந்தால் விலை இறங்கும். பைண்டு செய்து ஓரம் வெட்டியிருந்தால் இன்னும் இறங்கும். பேனாவில் ஒரு பையனின் பெயரும் வகுப்பும் இருந்தால் வாங்க வந்தவர் முகத்தைச் சுளிப்பார். நானும் இந்தத் தேடலில் இருக்கிறவன். இது வீண்வேலை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இந்த மூன்று கேள்விகளின் மேல் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு.

முதலில், இந்தச் சேகரிப்பாளர்கள் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். அது சிறியதல்ல. 1972இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவி வந்தார். 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்த அந்தப் பாத்திரத்தை அந்த நாடே பிற்பாடு மறந்துவிட்டது, தமிழ்நாடு மறக்கவில்லை. 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதே ஆண்டில்தான் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய்க்கு வந்து, 2005 வரை ஓடியது. வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்ட பூந்தளிரும் 1984இல் பிறந்ததுதான். வேட்டைக்கார வேம்புவும் சுப்பாண்டியும் அதன் வழியாகத்தான் நம் வீடுகளுக்குள் வந்தார்கள். இவை தவிர திகில், மினி லயன், ஜூனியர் லயன், மேத்தா, அசோக், பொன்னி என்று எத்தனையோ வந்தன. சில நெடுநாள் நின்றன. சில வந்த சுவடே தெரியாமல் போயின.

இவை எல்லாமே பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் தொங்கவிட்டு விற்பதற்காக மட்டமான தாளில் அச்சிட்டவை. மரக்கூழிலுள்ள லிக்னின் நீங்காத தாள் அது. வெளிச்சமும் காற்றும் பட்டாலே பழுப்பேறி, அமிலம் ஊறி, மடித்த இடத்தில் ஒடியும். ஸ்டேப்ளர் முள் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்னும். மிச்சத்துக்கு இராமபாணப் பூச்சி இருக்கிறது. நூலகங்கள் இவற்றைப் புத்தகமாகவே மதித்ததில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களில் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். ஆனால் மாதா மாதம் இரண்டு ரூபாய்க்குப் படக்கதை போட்ட சிறு வெளியீட்டாளர்கள் அத்தனை பேரும் தவறாமல் அனுப்பியிருப்பார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். சென்னையில் பழைய புத்தகம் தேடுகிறவர்களின் தாய்வீடாக இருந்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. இவ்வளவுக்கும் பிறகு இன்று ஒரு முத்து காமிக்ஸ் முழுத்தொகுதியையோ பூந்தளிர் வரிசையையோ பார்க்க முடிகிறது என்றால், அது தனி மனிதர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வீட்டில் திட்டு வாங்கிச் சேர்த்தது. எந்த நிறுவனமும் அதைச் செய்யவில்லை.

சேர்த்ததோடும் அவர்கள் நிற்கவில்லை. எந்த இதழில் எந்தக் கதை, எது மறுபதிப்பு, எந்த மலர் எந்தத் தீபாவளிக்கு வந்தது என்று பட்டியல் போட்டார்கள். தமிழ்ச் சிறுவர் இதழியலின் வரலாற்றை எழுத வருகிற எவருக்கும் இந்தப் பட்டியல்கள்தான் அடிக்கல். லயன் காமிக்ஸ் தளர்ந்து கிடந்து 2012இல் 'கம்பேக் ஸ்பெஷல்' என்று மறுபடி எழுந்தபோது, சந்தா கட்டித் தூக்கி நிறுத்தியவர்களில் பழைய இதழ் தேடுகிறவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஆண்டுதோறும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் அவர்கள் கூடும்போது போய்ப் பார்த்தால் தெரியும், இது வெறும் பண்டம் சேர்க்கும் ஆசையல்ல என்று.

ஒரு ஆட்சேபம் அடிக்கடி காதில் விழுகிறது: எல்லாம் வெள்ளைக்காரன் கதைதானே, மூலம் அங்கே இருக்கிறது, இங்கே எதற்கு நகலைக் காப்பாற்ற வேண்டும்? இது பொருந்தாத வாதம். லயனின் முதல் இதழான 'கத்தி முனையில் மாடஸ்டி'யை எடுத்துக்கொள்வோம். மாடஸ்டி 1963இல் லண்டனின் மாலை நாளிதழில் நாளுக்கு ஒரு பட்டையாக வந்தவள். அந்தப் பட்டைகளைக் கட்டம் கட்டமாக நறுக்கி, கையடக்கப் பக்கத்துக்கு ஏற்ப ஒட்டி அடுக்கித்தான் தமிழில் புத்தகமாக்க முடியும். வசனத்துக்கு இடம் போதாத இடத்தில் படம் குறையும். தமிழ்ப் பதிப்பின் ஆசிரியர்கள் கதாநாயகிகளின் உடைகளை மை தடவி நீட்டிய பக்கங்களைப் பழைய வாசகர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம், எதைக் கூடாது என்று வரைந்துகொண்ட கோடு அந்த மையில் இருக்கிறது. லண்டனில் மூலம் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் இது அங்கே கிடைக்காது. ஆகவே சேகரிப்பாளர் காப்பது நகலை அல்ல, சிவகாசியில் உருவான தனிப் படைப்பை.

சரி, குறைக்கு வருகிறேன். அதற்கு எங்கள் பொதட்டூர்பேட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம், பள்ளிப்பட்டு வட்டம். கொஞ்சம் நடந்தால் ஆந்திரம். ஊர் முழுக்கத் தறி, இன்று விசைத்தறி. இங்கே பழைய காமிக்ஸ் சேகரிப்பாளர் என்று பெயர் சொல்லத்தக்க ஆள் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் காமிக்ஸ் நிறைய இருந்தது. திருத்தணி பஸ்ஸில் வரும் கட்டில் ராணி காமிக்ஸ் இறங்கும். முதலில் முடிதிருத்தும் கடை பெஞ்சுக்குப் போகும். அங்கிருந்து யாராவது மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புவார்கள். தறிக்கான நூலைத் தாராகச் சுற்றுகிற பிள்ளைகள் ராட்டைக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, ஒரு தார் முடிந்து அடுத்த தார் மாட்டும் இடைவெளியில் ஒரு பக்கம் படிப்பார்கள். ஓரங்களில் கஞ்சிப்பசையும் சாயக்கறையும் இருக்கும். ஒரே பிரதி ஒரு தெருவைச் சுற்றி வந்து, அடுத்த தெருவுக்குப் போய், திரும்பி வரும்போது அட்டை இருக்காது. பின்னட்டை இருக்கவே இருக்காது. காசுக்கு வாடகை விடுகிறவர்கள் இதற்காகவே கோணி ஊசியால் தைத்து, கெட்டி அட்டை ஒட்டி, ஐந்தாறு இதழை ஒன்றாகக் கட்டி வைப்பார்கள்.

இந்த எல்லைப் பகுதிக்கென்று ஒரு தனி விசேஷமும் உண்டு. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. வீட்டுக்குள் தமிழ், தெலுங்கு இரண்டும் புழங்கும். நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் சேர்த்தே தொடங்கினார்கள். இரண்டிலும் படம் ஒன்று, எழுத்து வேறு. தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டியும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேரனும் சங்கர் வரைந்த அதே விக்கிரமாதித்தனை, அதே வேதாளத்தை, ஆளுக்கொரு இதழில் பார்த்துக்கொண்டே பேசிக்கொள்ள முடிந்தது. இரண்டு மொழி இதழும் சேர்ந்து கட்டிய ஒரு தொகுப்பு எந்தச் சேகரிப்பாளரின் பட்டியலிலும் இடம்பெறாது. தமிழ் சேர்க்கிறவருக்குத் தெலுங்கு வேண்டாம். தெலுங்கு சேர்க்கிறவருக்குத் தமிழ் வேண்டாம். பிரித்துத்தான் விற்பார்கள்.

இங்கேதான் அந்த மூன்று கேள்விகளின் கோளாறு. கசங்காத அட்டை, எழுதாத உள்பக்கம், வெட்டாத ஓரம் என்னும் அளவுகோல் அமெரிக்கச் சந்தையிலிருந்து வந்தது. அங்கே பிரதியின் நிலைக்கு எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து முத்திரை வைத்து விற்கும் வழக்கம் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்து வைத்தால், ஒரு குழந்தையின் கையும் படாத பிரதிதான் உயர்ந்த பிரதி என்றாகிறது. குடோனிலேயே கிடந்த விற்காத கட்டு, நாற்பது பிள்ளைகள் படித்த கட்டைவிட மதிப்புள்ளதாகிறது. அச்சிட்டவரைப் பற்றித் தெரிந்துகொள்ள முன்னது போதும். படித்தவரைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. வாடகை நூலகத்தின் ரப்பர் முத்திரை, 'ஆறாம் வகுப்பு ஆ பிரிவு' என்ற கையெழுத்து, வில்லனுக்கு வரைந்த மீசை, கிழிந்த இடத்தில் ஒட்டிய பூப்போட்ட தாள் இவையெல்லாம் ஒரு நெசவூரில் எழுத்தறிவு எப்படிப் பரவியது என்பதற்கான சான்றுகள். சந்தை இவற்றைக் குறை என்று கணக்கெழுதுகிறது. நல்ல பிரதி கிடைத்ததும் கிழிந்ததைத் தூக்கிப் போடுவதைத் தரம் உயர்த்துவது என்கிறார்கள். எனக்கு அது ஆவணத்தை அழிப்பதாகவே படுகிறது.

பைண்டிங் மேல் இருக்கும் இளக்காரம் இதைவிடக் கேடானது. தமிழில் சொந்தமாக வரைந்து எழுதிய படக்கதைகளில் பெரும்பகுதி தனிப் புத்தகமாக வந்ததில்லை. வார இதழ்களிலும் சிறுவர் இதழ்களிலும் இரண்டு பக்கம், நான்கு பக்கம் என்று தொடராக வந்தது. வாண்டுமாமா எழுத, செல்லம் வரைந்தவை அப்படி வந்தவைதான். வாசகர்கள் அந்தப் பக்கங்களைக் கிழித்தெடுத்துத் தைத்ததால்தான் அவற்றில் பல இன்றும் கையில் இருக்கின்றன. வாண்டுமாமாவின் நூல்கள் பின்னாளில் கவிதா பதிப்பகம் வழியாக மறுபதிப்பு கண்டன. ஆனால் படக்கதைத் தொடர்களில் எவ்வளவு அப்படி மீண்டது? 'தனி இதழா' என்று கேட்டு வாங்கும் பழக்கம் நிலைத்துவிட்டால் மாயாவியும் அவரைப் போன்ற பிரிட்டிஷ் நாயகன் ஸ்பைடரும் பத்திரமாக இருப்பார்கள். அவர்களை உலகம் வேறு வழியிலும் காப்பாற்றும். 2018இல் அந்தப் பழைய பிரிட்டிஷ் கதைகளின் உரிமையை ரெபெல்லியன் நிறுவனம் வாங்கிப் புதுப் பதிப்புகள் போடத் தொடங்கிவிட்டது. செல்லத்தின் கோட்டுக்கு அப்படி ஒரு காப்பாளர் இல்லை. நம் சேகரிப்பின் அக்கறை தேவைக்கு நேர் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

பெண்கள் இதில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தார் சுற்றியவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள், படித்தவர்களும் அவர்கள்தான். கல்யாணமாகிப் போகும்போது காமிக்ஸைக் கொண்டுபோனவர் யாரும் இல்லை. சேகரிப்பு என்பதே அலமாரியும் தனி அறையும் கையில் சொந்தக் காசும் உள்ள ஆணின் காரியமாகி, நினைவும் அவனுடைய நினைவாகவே நிற்கிறது.

விலையைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. ஒன்றரை ரூபாய் இதழ் நூற்றுக்கணக்கிலும், ஆரம்பகால முத்து காமிக்ஸ் ஆயிரக்கணக்கிலும் போகிறது. வாங்குகிறவர் வாங்கட்டும். விலை ஏறியதால் பழைய பேப்பர் கடைக்காரர்கூட இப்போது எடைக்குப் போடாமல் எடுத்து வைக்கிறார் என்பது நன்மைதான். ஆனால் விலை ஏறிய பொருளை யாரும் கையில் கொடுப்பதில்லை. பூட்டி வைக்கிறார்கள். அதுவும் மலிவான பாலிதீன் உறையில் இறுக்கி ஒட்டி. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அந்த உறைக்குள் ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும். உள்ளே இருக்கும் அமிலத்தாள் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். திறந்து பார்க்காததால் தெரியாது.

சேகரித்தவர் போன பிறகு என்ன ஆகும் என்பதுதான் உண்மையான சோதனை. இதற்கு நம்மிடையே ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகம் மட்டுமல்லாமல், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சிறு பிரசுரம் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தத் தொகுப்பு சிதறாமல் வாங்கப்பட்டு, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. அட்டை இருக்கிறதா என்று கேட்டு அவர் சேர்த்திருந்தால் தமிழ் அச்சு வரலாற்றில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது. காமிக்ஸ் சேகரிப்பாளர்களில் தமக்குப் பின் தொகுப்பு எங்கே போக வேண்டும் என்று எழுதி வைத்தவர்கள் அரிது. பிள்ளைகள் இரண்டு நாளில் ஒரு வியாபாரியைக் கூப்பிட்டு முடித்துவிடுவார்கள். வரிசை உடைந்து ஊர் ஊராகப் பிரியும்.

ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டோமே என்று சிலர் சொல்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் உரிமை உள்ள கதையை அனுமதியின்றிச் சுற்றுக்கு விடுவது, இன்றும் சிரமப்பட்டுத் தமிழில் காமிக்ஸ் போடுகிறவரின் வயிற்றில் அடிப்பது. நேர்வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, லாபநோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள அச்சுப் பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ளலாம். தனி ஆளின் பீரோவில் இருக்கும் பிரதிக்கு இந்தச் சலுகை இல்லை. நூலகத்தின் பிரதியாக மாறினால் உண்டு. அரிய ஒற்றைப் பிரதியை இன்றே கொடுத்துவிடச் சொல்லி யாரையும் நான் கேட்கவில்லை. தரம் உயர்த்தும்போது கழிக்கிற அந்த இரண்டாவது பிரதியை, அட்டையில்லாததை, பைண்டு செய்ததை, பெயர் எழுதியதை, எந்த ஊரில் யாரிடம் வாங்கியது என்று ஒரு துண்டுத்தாளில் குறித்து முதலில் அத்தகைய நூலகத்துக்கு அனுப்பலாம். சந்தையில் அதற்குப் பெரிய விலை இல்லாததால் கொடுக்கிறவருக்குப் பெரிய நட்டமும் இல்லை.