சந்தை கூடாத ஊர்
‘ஆனந்த மடம்’ நாவலைப் பற்றி ஒரு மதிப்பீடு

நாடு ஒன்றைப் பெறுவதற்கு முன் அதனை மனத்திலே புனைந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பணியைப் பெரும்பாலும் அரசியல்வாதிகள் செய்வதில்லை, கதாசிரியர்கள் செய்கிறார்கள். எனவே ஒரு கதாசிரியர் தாம் புனையும் நாட்டில் யாரை இருத்துகிறார், யாரை வெளியே நிறுத்துகிறார் என்று பார்ப்பது வெறும் இலக்கிய ஆராய்ச்சியன்று. பின்வரும் தலைமுறைகளின் வாழ்வோடு தொடர்புடைய காரியம்.

வங்க எழுத்தாளர் பங்கிம் சந்திர சட்டர்ஜியின் ‘ஆனந்த மடம்’ 1881 முதல் ‘வங்க தரிசனம்’ இதழில் தொடராக வெளிவந்து, 1882 இல் நூலாயிற்று. நாட்டைத் தாயாகவும் தாயைத் தெய்வமாகவும் வணங்கி, இல்லறம் துறந்து, ஆயுதம் ஏந்தும் ‘சந்தானங்கள்’ என்னும் துறவியர் படையே அதன் கதைப்பொருள். சமயம், தேசியம், அரசியல் மூன்றையும் ஒரே கயிற்றில் முறுக்கிய இயக்கம் ஒன்றின் முழு வடிவத்தை அதில் காணலாம். ‘வந்தே மாதரம்’ பாடல் இடம்பெற்றிருப்பதும் அந்நாவலில்தான். அப்பாடலை 1896 இல் கல்கத்தா காங்கிரசில் தாகூர் பாடியதும், 1937 இல் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் பாடுவதென்று காங்கிரஸ் செயற்குழு முடிவு செய்ததும், 2025 இல் அதன் 150 ஆம் ஆண்டையொட்டி நாடாளுமன்றம் விவாதித்ததும் பலரும் அறிந்தவை. ஆனால், நாவலைப் படித்துவிட்டு வாதிடுவோர் சிலரே. நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது பாடலை அன்று, நாவலையே.

முதல் அத்தியாயமே பங்கிமின் ஆற்றலுக்குச் சான்று. வங்க ஆண்டு 1176, கோடைக்காலம். பதசின்னம் என்னும் சிற்றூரில் வீடுகள் இருக்கின்றன, மாந்தர் இல்லை. கடைகள் வரிசையாக நிற்கின்றன. கடைக்காரர் எங்கே போனார் என்று தெரியவில்லை. அன்று சந்தை நாள். ஆனால் சந்தை கூடவில்லை. பஞ்சத்தின் கொடுமையை இதைவிடக் குறைந்த சொற்களில் சொல்லிவிட முடியுமா என்பது ஐயமே. படிப்பவர் நெஞ்சில் ஒரு கேள்வி தானாகவே எழுகிறது: இந்தச் சந்தையைக் கலைத்தவர் யார்?

சரித்திரத்தில் இதற்கு விடை இருக்கிறது. 1765 இல் வங்காளத்தின் திவானி உரிமை கிழக்கிந்தியக் கும்பெனியிடம் போயிற்று. 1770 இல் பெரும்பஞ்சம் வந்தது. குடிகளில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் என்பது வாரன் ஹேஸ்டிங்ஸின் மதிப்பு. அத்துணைப் பேர் மாண்ட பின்பும், 1771 ஆம் ஆண்டின் வசூல் பஞ்சத்துக்கு முந்திய 1768 ஆம் ஆண்டின் வசூலையும் விஞ்சியது என்று 1772 இல் அவரே தம் மேலிடத்துக்கு எழுதினார்.

நாவல் தரும் விடை வேறு. வரி வாங்குபவன் ஆங்கிலேயன் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆனால், குடிகளைக் காக்கும் கடமை மீர் ஜாஃபருக்கு என்கிறார். அவரோ போதையில் உறங்குகிறார் என்று கடிகிறார். மீர் ஜாஃபர் நல்லவர் என்று வாதிட நமக்கு விருப்பமில்லை. அவரது துரோகம் உலகறிந்தது. எனினும், அவர் 1765 லேயே இறந்துபோனவர். பஞ்சம் வந்தபோது உயிரோடு இல்லாத ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறது நாவல். அங்கிருந்து குற்றம் ஒரு மனிதரிடமிருந்து ஒரு சமூகத்தின்மீது தாவுகிறது. சந்தானங்களின் சினம் முஸ்லிம் குடிகளின் வீடுகள்வரை செல்கிறது. இறுதியில் தோன்றும் மருத்துவ மகான், முஸ்லிம் ஆட்சி தொலைந்தது, இனி ஆங்கிலேயர் ஆளட்டும், அவர்களிடம் புறவுலக அறிவைக் கற்போம் என்று படையைக் கலைத்துவிடுகிறார். சந்தையைக் கலைத்தவரிடமே நாடு ஒப்படைக்கப்படுகிறது!

இக்கதைக்கு மூலமான கலகத்தை வரலாற்றாசிரியர்கள் ‘சந்நியாசி - பக்கீர் கிளர்ச்சி’ என்றே குறிப்பர். அதில் முன்னின்றவர்களுள் ஒருவர் மதாரி தரீக்காவைச் சேர்ந்த மஜ்னு ஷா. கும்பெனியார் காரணமின்றிப் பக்கீர்கள் 150 பேரைக் கொன்றனர் என்று 1772 இல் அவர் முறையிட்டது யாரிடம்? நாட்டூர் ஜமீன் ராணி பவானியிடம். ஒரு முஸ்லிம் பக்கீர், இந்து அரசி ஒருவரைத் தம் ஆட்சியாளர் என்று விளித்து நீதி கேட்டிருக்கிறார். சந்நியாசிகளும் பக்கீர்களும் எக்காலும் ஓரணியில் நின்றனர் என்று சொல்வதற்கில்லை. தம்முள் மோதியதும் உண்டு. ஆயினும் அவர்களது பகை வரி வாங்கிய கும்பெனியோடுதான். ‘ஆனந்த மட’த்தில் சந்நியாசி மட்டும் எஞ்சினார், பக்கீர் காணாமற் போனார். நாம் கொள்ளும் பெருங்குறை இதுவே.

பங்கிமுக்கு உண்மை தெரியாதா? தெரியும். 1872 இல் வங்கக் குடியானவரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஹாஷிம் ஷேக்கும் ராமா கைவர்த்தனும் ஒரே வெயிலில், ஒரே சேற்றில் ஏர் பிடிக்கிறார்கள்; ஆங்கில ஆட்சியால் இவ்விருவருக்கும் விளைந்த நன்மை என்ன என்று அவர் கேட்கிறார். ‘ராஜசிம்மன்’ நாவலின் முடிவுரையிலும், இந்துவாய்ப் பிறந்ததனால் ஒருவன் நல்லவனுமல்லன், முஸ்லிமாய்ப் பிறந்ததனால் தீயவனுமல்லன் என்னும் கருத்தைச் சொல்கிறார். கட்டுரையாளர் கண்ட ஹாஷிம் ஷேக்கை நாவலாசிரியர் ஏன் காணவில்லை? அவர் ஆங்கில அரசின் டிப்டி மாஜிஸ்டிரேட்டாக இருந்தார் என்பது காரணத்தின் ஒரு பகுதியாகலாம். மற்றொரு பகுதி அவர் மேற்கொண்ட கதை வடிவிலேயே இருக்கிறது. வழிபாடாக மாறிய நாட்டுப்பற்றுக்குப் பக்தன் வேண்டும், பகைவன் வேண்டும். பக்கத்து வயல்காரனுக்கு அங்கே வேலையில்லை.

இக்குறையை முஸ்லிம் ஒருவர் சொல்லித்தான் உலகம் அறிய வேண்டும் என்பதில்லை. 1916 இல் நூலாக வந்த தாகூரின் ‘வீடும் வெளியும்’ நாவலைப் பாருங்கள். சுதேசி இயக்கக் காலக் கதை அது. அதிலும் ஒரு சந்தை இருக்கிறது. ‘வந்தே மாதரம்’ முழக்கத்தோடு வரும் சந்தீப், ஜமீன்தார் நிகிலுக்குச் சொந்தமான அச்சந்தையில் அயல்நாட்டுச் சரக்கைத் தடை செய்யச் சொல்கிறான். ஏழை வியாபாரியின் வயிற்றில் அடித்து நாட்டுக்குத் தொண்டு செய்ய நிகில் இசையவில்லை. சரக்கேற்றிய மீர்ஜான் என்னும் ஓடக்காரனின் ஓடம் மூழ்கடிக்கப்படுகிறது. கடைசியில் வகுப்புக் கலவரம் மூள்கிறது. அதை அடக்கச் சென்ற நிகில் படுகாயத்தோடு திரும்புகிறான். பங்கிம் சந்தை கலைந்ததில் கதையைத் தொடங்கினார். ஓர் இயக்கம் சந்தையை எப்படிக் கலைக்கிறது என்பதைத் தாகூர் காட்டினார்.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடைப்பட்ட குந்தாரப்பள்ளியின் வெள்ளிக்கிழமைச் சந்தையை நம் வாசகர் பலர் அறிவர். ஆடு வளர்த்தவர் ஒரு சமயம், வாங்குபவர் ஒரு சமயம், தரகர் இன்னொரு சமயம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே பேரத்தில் கலந்து ஒலிக்கும். தீபாவளிக்கும் பக்ரீதுக்கும் விலை ஏறுவதும் அதே சந்தையில்தான். இங்கே எவரும் எவருடைய தெய்வத்தையும் விசாரிப்பதில்லை. ஆட்டின் பல்லைப் பார்க்கிறார்கள், சொன்ன சொல்லைக் காக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். நாடு என்பது இதுதான். புனையப்பட்ட நாட்டில் கோயிலும் கோட்டையும் போர்க்களமும் இருந்து, இப்படி ஒரு சந்தைக்கு இடமில்லையென்றால், அப்புனைவில் ஏதோ பழுது இருக்கிறது.

இதே அளவுகோலை நம் பக்கமும் வைத்துப் பார்த்தல் நீதி. நம் பகுதி உருதுக் குடும்பங்களில் நசீம் ஹிஜாஸியின் சரித்திர நாவல்களை விரும்பிப் படித்தவர்கள் உண்டு. திப்பு சுல்தானைப் பற்றியும் அவர் எழுதினார். 1792 இல் கும்பெனியிடம் போகும்வரை நம் பாராமகால் சீமை திப்புவின் ஆட்சியில் இருந்ததால், அக்கதைகள் நமக்கு இன்னும் இனிக்கின்றன. ஆனால் திப்புவை ஒரு சமயத்தாரின் வீரராக மட்டும் காட்டும் கதையை யார் எழுதினும், அவருடைய திவான் பூர்ணையாவுக்கு அதில் உரிய இடம் கிட்டாது. பக்கீரை மறைத்தது பிழையாயின், பூர்ணையாவை மறைப்பதும் பிழையே.

‘ஆனந்த மட’த்தை ஒதுக்கிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வீட்டிலுள்ள இளைஞர்களுக்கு அதைக் கொடுங்கள். கூடவே ‘வீடும் வெளியும்’ நாவலையும் கொடுங்கள். படித்து முடித்தபின் அவர்களிடம் மஜ்னு ஷாவின் பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பெயரை அறிந்த பிள்ளை, எந்த மேடையிலிருந்து எவர் நாட்டைப் புனைந்து காட்டினாலும், அதில் விடுபட்டவர் யார் என்று கேட்கக் கற்றுக்கொள்ளும்.