ஒரு பாட்டில் தெளியாத போதை

கெட்டிக்கார ஆட்டக்காரன் ஒருவன் உச்சத்துக்குப் போகிறான், போதையில் விழுகிறான், மறுபடி பயிற்சி எடுத்து எழுகிறான். விளையாட்டுப் படங்கள் சலிக்காமல் சொல்லும் கதை இது. 1996இல் எச்பிஓ தொலைக்காட்சிக்காக எரிக் லா சால் இயக்கிய 'ரீபவுண்ட்' அந்த வரிசையில் ஒன்று. நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களில் கூடைப்பந்து ஆடியே பெரும் பெயர் எடுத்து, ஹெராயினுக்குத் தன்னைப் பறிகொடுத்த எர்ல் மனிகால்ட்டாக டான் சீடில் நடித்திருந்தார். தமிழில் இதற்கு மிக நெருங்கி வருவது பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021). அங்கே பந்தும் ஹெராயினும். இங்கே குத்துச்சண்டையும் சாராயமும்.

குடிகாரன் ஏன் குடிக்கிறான் என்பதற்கு நம் சினிமாவின் வழக்கமான பதில் காதல் தோல்வி. இரஞ்சித் அந்தச் சுலபத்தை ஒதுக்கினார். கபிலன் (ஆர்யா) எதிரணி வீரன் வேம்புலியை வீழ்த்தப்போகும் நேரத்தில், 1976இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட செய்தியோடு போலீஸ் வந்து அவனது பயிற்சியாளர் ரங்கன் வாத்தியாரைப் பிடிக்கிறது. அந்தக் கலவரத்தில் வெற்றி கைநழுவுவதோடு நிற்கவில்லை; சாதித் திமிரில் ஊர் பார்க்கக் கபிலனின் உடையை உருவுகிறார்கள். கத்திக்குத்து, சிறை, சாராயம் எல்லாம் அதற்குப் பிறகே வருகின்றன. சாதி அவமானத்துக்கும் குடிக்கும் நடுவே உள்ள கோட்டை இவ்வளவு தெளிவாக வரைந்த படங்கள் தமிழில் குறைவு.

இரண்டாவது பலம், சாராயத்தை வியாபாரமாகவும் காட்டியது. 1971இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு 1974இல் திரும்பியது. கள்ளச்சாராயம் பணம் கொழிக்கும் தொழிலானது. கபிலன் முதலில் விற்கிறான், பிறகு விற்பதையே குடிக்கிறான். கையில் காசு சேரச் சேர வயிறு முன்னே தள்ளுகிறது, மூச்சு வாங்குகிறது. கட்டுக்கோப்பான அந்த உடம்பை முதல் பாதியில் பார்த்து வியந்தவர்களுக்கு, வசனமே இல்லாமல் சேதம் புரிகிறது.

இவ்வளவு கவனமாக விழவைத்த படம், எழவைக்கும்போது அவசரப்படுகிறது. மறுபடி பயிற்சி தர வரும் பீடி ராயப்பன் கபிலனைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறார். ஓட்டம், நீச்சல், வியர்வை, பின்னணியில் இசை. தொப்பை கரைகிறது, குடியும் கரைந்துவிடுகிறது. நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பு வரும், இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியும். மருத்துவம் பார்க்காமல் விட்டால் உயிரே போகலாம். மூன்று மணி நேரத்தை நெருங்கும் படம், குத்துச்சண்டையின் சுற்றுகளை நின்று நிதானமாகக் காட்டுகிறது. இந்த நடுக்கத்துக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. சினிமா மருத்துவப் பாடம் அல்ல என்று சொல்லலாம். ஆனால் மன உறுதி வந்தால் குடி போய்விடும் என்பதும் ஒரு பாடம்தான், அதுவும் தப்பான பாடம்.

கபிலனின் மனைவி மாரியம்மாவுக்கு (துஷாரா விஜயன்) படம் கொடுக்கும் இடத்திலும் இந்தக் குறை உண்டு. அவள் சத்தமாகச் சண்டை போடுகிறாள், கணவனை உலுக்குகிறாள். நிறைய படங்களில் வரும் அழுமூஞ்சி மனைவியைவிட அவள் மேல். ஆயினும் அவள் பட்ட பாடு கபிலன் மறுபடி மேடையேறுவதற்கான தூண்டுதலாகச் சுருங்கிவிடுகிறது.

'ரீபவுண்ட்' படமும் நம்பிக்கையில்தான் முடிகிறது. நிஜ மனிகால்ட்டின் வாழ்க்கை அப்படி நேர்க்கோட்டில் போகவில்லை. சிறையிலிருந்து வந்தார், தொழில்முறை அணியில் சேர முயன்று தோற்றார், சிறுவர்களைப் போதையிலிருந்து காக்கப் போட்டி நடத்தினார், 1970களின் பிற்பகுதியில் மறுபடி சிறைக்குப் போனார். பின்னாளில் தான் ஆடிய பூங்காவுக்குத் திரும்பிப் பிள்ளைகளோடு நின்றார். 1998இல் இதயம் செயலிழந்து இறந்தபோது வயது 53. மறுபடி விழுவது போதை என்னும் நோயின் இயல்பு. அதைக் காட்ட இறுதிப் போட்டி தேடும் திரைக்கதைக்கு மனம் வருவதில்லை.

ஒரே மோதலில் முடியும் வீரக்கதைகளைக் கேட்டே பழகிய நம் காதுக்கும் இதில் பங்கு உண்டு. செஞ்சியை ஒட்டிய சிங்கவரத்தில் குடைவரைக்குள் பள்ளிகொண்ட அரங்கநாதரிடம் செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் போருக்கு விடை கேட்டதாகவும், போக வேண்டாமென்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் ஊரில் சொல்வார்கள். அவன் கேட்காமல் போனான், 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதில் மாண்டான். ஒரே போர், ஒரே முடிவு; கதைப்பாட்டுக்கு அது பொருந்தும். குடியை எதிர்ப்பவனுக்கோ தினமும் சாயங்காலம் போர். அதைப் பாடக் கதை மரபு நமக்கு இன்னும் அமையவில்லை.

எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்குக் குடி திரையோடு போகும் விஷயம் அல்ல. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பலரைக் கொன்றது. அடுத்த ஆண்டு ஜூனில், 2019 வரை இதே மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். விழுவதற்கான காரணங்களைச் சரியாகச் சொன்ன வகையில் 'சார்பட்டா' நல்ல படம். மீள்வதைச் சொன்ன வகையில் அரைகுறைப் படம்.

பொங்கலுக்குக் கபடியும் வாலிபாலும் நடத்தும் இளைஞர் மன்றத்தாருக்கு ஒரு வார்த்தை: நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையன் குடியில் விழுந்தால் பெயரை அடித்துவிட்டு அடுத்தவனைத் தேடாதீர்கள், வைராக்கியம் வேண்டுமென்று உபதேசமும் செய்யாதீர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். திரும்பி வந்து மறுபடி விழுந்தால், மறுபடியும் கூட்டிப் போங்கள்.