பார்மெனிடீஸைக் குகைக்குள் தள்ளுகிறவர்கள்

ஆதி கிரேக்கச் சிந்தனையாளர்களை மந்திரவாதிகளாகவும் குறிசொல்லிகளாகவும் படிப்பதுதான் இன்று துணிச்சலான வாசிப்பு என்று பெயர் வாங்குகிறது. எம்பிடோக்ளீஸைப் பற்றி 1995இலும் பார்மெனிடீஸைப் பற்றி 1999இலும் பீட்டர் கிங்ஸ்லி எழுதிய நூல்களே இந்தப் போக்குக்கு வேதம்.

எம்பிடோக்ளீஸ் விஷயத்தில் இப்படிப் படிப்பவர்கள் பக்கம் நியாயம் உண்டு. காற்றை அடக்கவும், மழையை வரவழைக்கவும், இறந்தவனின் ஆற்றலைப் பாதாளத்திலிருந்து மீட்கவும் சீடனுக்குக் கற்றுத்தருவதாக அவரே வாக்களிக்கிறார். அந்த வரிகளைப் பாராததுபோல் கடந்துபோன பழைய தத்துவ வரலாறுகள் பிழையானவைதான்.

பார்மெனிடீஸிடம் வரும்போதுதான் எனக்கு ஆறவில்லை. தெற்கு இத்தாலியின் எலியாவில் அப்பல்லோ வழிபாட்டோடு தொடர்புள்ள மருத்துவர்களின் கல்வெட்டுகள் கிடைத்தன. அவர்களுக்குக் குகைத்தலைவன் என்ற பொருள்தரும் பட்டம் இருந்தது. குகையில் அசையாமல் கிடந்து கனவில் தெய்வவாக்குப் பெறும் மரபு இது என்றும், பார்மெனிடீஸ் அதன் முதல்வர் என்றும், அவர் கவிதையில் இளைஞன் தேவியிடம் போவது அந்தக் கனவுதான் என்றும் கதை வளர்கிறது. கல்வெட்டுகளோ கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை, பார்மெனிடீஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக்காரர். அந்த மருத்துவர்கள் 280, 379, 446 என்று ஆண்டு குறித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கு பார்மெனிடீஸிலிருந்து தொடங்குகிறது என்பது ஊகம். கல்லில் அப்படி எழுதப்படவில்லை.

கால இடைவெளியைக்கூட மன்னித்துவிடலாம். கவிதையில் தேவி என்ன செய்கிறாள் என்று பார்க்க மறுப்பதை மன்னிக்க முடியாது. அவள் வாதாடுகிறாள். இருப்பது இல்லாமையிலிருந்து பிறந்திருந்தால், முன்னரோ பின்னரோ அல்லாமல் குறிப்பிட்ட அந்தக் கணத்தில் ஏன் பிறந்தது என்று கேட்கிறாள். பிறப்பில்லை, அழிவில்லை, பிளவில்லை, அசைவில்லை என்று ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டு போகிறாள். தன் மறுப்பை அறிவால் எடைபோடும்படி இளைஞனிடமே சொல்கிறாள். தெய்வமே தன் சொல்லைச் சோதிக்கச் சொல்லும் அரிய இடம் இது. மந்திர வாசிப்பு இதை உச்சாடனமாக்கிவிடுகிறது. உச்சாடனத்தில் தப்புக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. பார்மெனிடீஸை ஆழப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு, அவரோடு மாறுபடும் உரிமையை நம்மிடமிருந்து பிடுங்குகிறார்கள்.

அவருடைய அடுத்த தலைமுறைக்கு அந்த உரிமை இருந்தது. அதே எலியாவின் ஜீனோ அவர் பக்கம் நின்று, அசைவு உண்டு என்று மாறுபட்டவர்களை அக்கிலீஸும் ஆமையும் வைத்து மடக்கினார். எலியாவினரின் வாதத்தில் பாதியை ஒப்புக்கொண்டு, மீதியை மறுத்து, வெற்றிடம் உண்டு என்று லூசிப்பஸ் பதில் சொன்னதாக அரிஸ்டாட்டில் எழுதுகிறார். அணுக்கொள்கை அந்தப் பதிலில்தான் பிறந்தது.