கோடும் கலையே

கலைகளை ஆராய்வோர் ஓவியத்தையும் சிற்பத்தையும் விரித்துரைப்பர்; ஒற்றைக் கோட்டைக் கலையெனக் கொள்ளத் தயங்குவர். சுவரில் உருவந் தீட்டுவோனைக் கலைஞன் என்பர். வண்டியின் உடலில் மெல்லிய கோடிழுப்போனைத் தொழிலாளி என்பர். இப்பாகுபாடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பினாங்கு ஜார்ஜ் டவுனிலுள்ள சூலியா தெரு இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். ‘சூலியா’ என்பது தமிழகக் கடற்கரையினின்று வணிகம் நாடி வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர். அத்தெருவும் கிங் தெருவும் கூடுமிடத்தில் நாகூர் தர்கா அவர்தம் வரலாற்றுக்குச் சான்றாக நிற்கிறது. 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, மலாக்காவுடன் இந்நகரையும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் என்னும் லித்துவேனிய ஓவியர் நகரின் சுவர்களில் தீட்டிய படங்கள் பெரும்புகழ் எய்தின. அவற்றைக் காண வருவோர் சூலியா தெருவில் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்துப் புறப்படுகின்றனர். சுவரை வியக்கும் அக்கண்கள், ஏறிச் செல்லும் வண்டியின் பெட்ரோல் தொட்டியில் ஓடும் கோட்டை நோக்குவதில்லை. அக்கோடு பெரும்பாலும் ஒட்டப்பட்ட ஸ்டிக்கராக இருப்பதால் நோக்கத் தேவையும் இல்லை எனலாம். ஆயினும், அது ஒரு கைத்தொழிலின் நிழல் என்பதை மறத்தல் ஆகாது.

குதிரை வண்டிகளை அணிசெய்த இக்கோட்டுத்தொழில் பின்னர் மோட்டார் வண்டிகளுக்கு வந்தது. 1950களில் கலிபோர்னியாவில் ‘வான் டச்’ எனப் பெயர் பெற்ற கென்னத் ஹோவர்டு இதனைத் தனிக்கலையாக வளர்த்தார். தமிழருக்கும் இது புதிதன்று. 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டுடன் இணைந்து என்பீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. அங்கே பிற உறுப்புகளை எந்திரங்கள் உருவாக்க, புல்லட் வண்டித் தொட்டியின் பொற்கோட்டை மனிதக் கையே இழுத்து வந்தது.

இதனைக் கற்கும் முறை கருதத்தக்கது. வாள்போல் வளைந்து கூர்ந்த தூரிகையில் அணில் முடி நீண்டிருக்கும். நெடுங்கோட்டுக்கு வேண்டிய எனாமல் வண்ணத்தை அது தன்னுள் தேக்கிக் கொள்ளும். வண்ணம் நீர்த்தால் வழியும். இறுகினால் கோடு அறும். சுண்டுவிரல் தகட்டில் ஊன்றி வழிகாட்ட, தோளும் உடலும் கையோடு நகரும். வளைவு வருமிடத்தில் தூரிகையின் காம்பை விரல்களுக்கிடையே மெல்லச் சுழற்ற வேண்டும். இவற்றைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். கை அறிவதற்கோ ஆயிரங் கோடுகள் இழுத்து அழித்தாக வேண்டும்.

இங்கே இருவகைப் பிழைக் கருத்துகள் எழுகின்றன. ‘பார்த்துச் செய்வது வெறும் போலி’ என்பது ஒன்று. நன்னூலார் மாணாக்கரை வகுக்கையில், சொன்னதைச் சொல்லும் கிளியைக் கடையில் வைக்கவில்லை; நிலத்தோடு சேர்த்து இடையில் வைத்தார். கிளியின் நிலையைத் தாண்டாமல் அன்னத்தின் நிலைக்கு உயர்தல் அரிது. எனவே போலச் செய்தல் இழிவன்று. அதிலேயே நின்றுவிடுதல்தான் குறை.

‘கையின் நடுக்கமே அழகு’ என்பது மற்றொன்று. எந்திரத்தின் மீதுள்ள வெறுப்பால் பிறந்த புகழ்ச்சி இது. எந்தத் தேர்ந்த கையும் நடுங்க விரும்புவதில்லை, நேர்மையையே நாடுகிறது. முழு நேர்மையை நாடியும் அதற்கு மயிரிழை குறைவாக நிற்கும் இடத்திலேதான் மனிதன் தெரிகிறான். குறையைப் புகழ்வோர் அந்த முயற்சியை இகழ்ந்தவராவர். அவர்தம் பாராட்டை நம்பும் இளைஞன் பயிற்சியைக் கைவிடுவான். பின்னர் ஸ்டிக்கரே அவனை வென்றுவிடும்.

இவ்வுண்மை தமிழ் வகுப்பறைக்கும் உரியது. எழுத்தும் கோடே. ‘ழ’கரத்தின் சுழியைப் பன்முறை எழுதிப் பழகாத மாணவன் பிழையின்றிப் பொறி தரும் எழுத்தைப் பெறலாம், எழுத்தின் வடிவ உணர்வைப் பெற மாட்டான். பயிற்சியைச் சுமையென்று விலக்கும் ஆசிரியரும், அதுவே முடிவென்று நிறுத்தும் ஆசிரியரும் ஒருசேரத் தவறுகின்றனர். சுவரோவியத்தை மாணவர்க்குக் காட்டுவோர், வண்டியின் கோட்டையும் காட்டி, அது கையால் அமைந்ததா ஒட்டப்பட்டதா என்று வினவுவார்களாயின், திறனாய்வின் முதற்பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.