தங்கவயல் தடங்களுக்கு ஏற்ற பைக் எது?

தார் ரோட்டிலும் ஓட வேண்டும், மண் தடத்திலும் இறங்க வேண்டும் என்று சின்ன பைக் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது சி.சி. எவ்வளவு, பவர் எவ்வளவு என்றுதான். கோலார் தங்கவயலைச் சுற்றி ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் எடையைக் கேளுங்கள். அடுத்து ஷாக் அப்சார்பர், பிறகு சீட் உயரம். பவர் கடைசியில் வரட்டும்.

காரணம் இந்த ஊரின் தரைதான். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பங்காரப்பேட்டை வரை நல்ல தார் ரோடு. பெங்களூரு ரயிலைப் பிடிக்கத் தினமும் ஸ்டேஷனுக்கு ஓடுபவர்களுக்கு இதுதான் வழி. சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பக்கம் திரும்பினால் கதை வேறு. 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே போகும் பல உள்ரோடுகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. தார் பெயர்ந்து சல்லி மட்டும் நிற்கிறது. காமசமுத்திரம், பூதிக்கோட்டை பக்கம் போனால் செம்மண்ணும் பாறையும் ஏரிக்கரைகளும். பேத்தமங்கலம் பக்கம் இறங்கினால் பாலாற்று மணல். ஒரே காலையில் இத்தனையும் காலுக்கடியில் வரும்.

இதில் நான் அதிகம் ஓட்டியது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. 199.6 சி.சி., ஆயில் கூலிங், 19.1 பி.எஸ். பவர், 17.35 என்.எம். டார்க், ஐந்து கியர். காகிதத்தில் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. சல்லியில் இறங்கும்போதுதான் வண்டியின் குணம் தெரிகிறது. முன்னால் 21 இன்ச் சக்கரம். சின்னச் சக்கரம் விழுந்து எழும் பள்ளத்தை இது மேலாகவே கடந்துவிடும். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, டேங்கைத் தொடையால் பிடித்துக்கொண்டு இரண்டாவது கியரில் விட்டால், ஹேண்டில்பார் கைக்குள் ஆடும், வண்டி மட்டும் நேராகப் போகும். ஆட்டத்தை அடக்க நினைத்து இறுக்கிப் பிடிக்கக் கூடாது. முன்னால் 190 மி.மீ., பின்னால் 170 மி.மீ. சஸ்பென்ஷன், 220 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ். மழை அறுத்த வாய்க்கால்களில் அடி தட்டுவது அபூர்வம்.

எடை சுமார் 160 கிலோ. மணலில் சாய்ந்தாலும் ஹேண்டிலைப் பிடித்து, முதுகைக் கொடுத்து, ஒரே ஆளாக நிமிர்த்திவிடலாம். ஆள் நடமாட்டமில்லாத தடத்தில் இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஹைவேயில் 90-ஐத் தாண்டினால் இன்ஜின் திணறுவது காதுக்கே தெரியும். பெங்களூருக்கு அடிக்கடி பைக்கிலேயே போகிறவருக்கு இது அலுப்பு தரும். அவர்கள் பார்க்க வேண்டியது 2025-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 210. லிக்விட் கூலிங், 24.6 பி.எஸ்., ஆறு கியர். முன்னால் 210 மி.மீ., பின்னால் 205 மி.மீ. சஸ்பென்ஷன். எடை எட்டுப் பத்துக் கிலோ கூடினாலும் சீட் 830 மி.மீ.தான். சராசரி உயரமுள்ளவருக்குப் பாதத்தின் முன்பகுதி ஊன்றும். ரோடு பாதி, தடம் பாதி என்பவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எல்லோருடைய கனவு வண்டி. 40 பி.எஸ். பவரும் 200 மி.மீ. சஸ்பென்ஷனும் நீண்ட பயணத்துக்கு அருமை. ஆனால் 196 கிலோ. லடாக் போகிறவருக்கு அது பொருந்தும், ஏரிக்கரையில் ஒற்றையாகத் திரும்ப வேண்டியவருக்குப் பொருந்தாது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எதிர்முனையில் கவாசாகி கே.எல்.எக்ஸ். 230 இருக்கிறது. 140 கிலோவுக்குள் அடங்கும், தடத்துக்கென்றே பிறந்த வண்டி. ஆனால் சீட் 880 மி.மீ. உயரம், டேங்க் 7.6 லிட்டர்தான். தினசரி வேலைக்கும் சேர்த்து ஒரே வண்டி வைத்திருப்பவருக்குச் சரிப்படாது.

வாங்கும்முன் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, டியூப் டயர். நகரத்துக்காரர்கள் டியூப்லெஸ் இல்லையே என்பார்கள். ஸ்போக் சக்கரம் பாறையில் அடி வாங்கி ரிம் கொஞ்சம் வளைந்தாலும் டியூப் காற்றைப் பிடித்து நிற்கும். பூதிக்கோட்டையில் சைக்கிளுக்கு ஒட்டுப்போடுகிறவரே இதற்கும் ஒட்டுவார். இரண்டு, ஏ.பி.எஸ். மண் இறக்கத்தில் பின்சக்கரம் பூட்டி மண்ணைத் தோண்டினால்தான் வண்டி நிற்கும். அதனால் ஏ.பி.எஸ்.ஸைக் குறைக்கவோ நிறுத்தவோ வழி வேண்டும். 200 4வி-யில் 2023 முதல் ரோடு, ஆஃப் ரோடு, ரேலி என மூன்று ஏ.பி.எஸ். மோடு உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அந்த வருடத்துக்குப் பிந்தியதைத் தேடுங்கள்.

வண்டி வந்த பிறகு சயனைடு மலைகளின் மேல் மட்டும் ஏறாதீர்கள். ‘கே.ஜி.எஃப்.’ படம் அங்கே எடுக்கப்பட்ட பிறகு வெளியூர் பைக்குகளுக்கு அந்த மேடுகள் மேல் ஆசை வந்துவிட்டது. அவை நூறாண்டுக்கும் மேலாகப் பாறையை அரைத்துத் தங்கம் எடுத்துக் கொட்டிய கழிவு. மேலே இறுகி நிற்கும் தோலை டயர் கிழித்தால், அடியில் உள்ள நுண்தூள் காற்றோடு லைன் வீடுகளுக்குள் போகும். சுரங்கத்தில் சிலிக்கா தூசியால் நுரையீரலை இழந்தவர்களின் பிள்ளைகள் வாழும் வீடுகள் அவை. ஆஃப் ரோடு பழக இடமா இல்லை? டக்கார் ரேலியை 2015-ல் முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் பயிற்சி மைதானம் இதே கோலார் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அலங்கார லைட்டுக்கும் பெட்டிக்கும் செலவழிக்கும் பணத்தில் அங்கே ஒரு பயிற்சி எடுத்துவிடலாம்.

முடிவாக: தடமே அதிகம், பட்ஜெட் குறைவு என்றால் நல்ல நிலையில் உள்ள 200 4வி. ரோடும் தடமும் சரிபாதி என்றால் 210. இரண்டாவது வண்டியாக வாங்குகிறவருக்கு, காலும் எட்டினால், கே.எல்.எக்ஸ். எதுவானாலும் புக்கிங் போடும் முன், அதே வண்டி வைத்திருக்கும் நண்பரைக் கூப்பிட்டு மண் தரையில் மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். தனி ஆளாகத் தூக்கி நிறுத்த முடிந்தால் அது உங்களுக்கான வண்டி. முடியாவிட்டால், எத்தனை பிடித்திருந்தாலும் ஒரு படி இலேசானதைப் பாருங்கள்.