நிற்காமல் போன கார்

பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், யாராவது ஒருவர் அந்தக் கதையைச் சொல்லிவிடுவார். 1975 ஜூன் மாதம். லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் மிக்ஸிங் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மொட்டைத் தலை, மழித்த புருவம், உப்பிய உடம்போடு ஒரு மனிதர் உள்ளே வந்து நிற்கிறார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிகிறது, அது சிட் பாரெட். குழுவுக்குப் பெயர் வைத்தவர், அதன் முதல் பாடகர். மனநிலை குலைந்ததால் ஏழு வருடங்களுக்கு முன் விலக்கப்பட்டவர். அவரைப் பற்றிய பாட்டு அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. வாட்டர்ஸ் அழுதுவிட்டார் என்கிறார்கள்.

முதல்முறை கேட்டபோது எனக்கும் புல்லரித்தது. இப்போது லேசாக எரிச்சல் வருகிறது. அன்று நடந்ததை அங்கே இருந்தவர்களே ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள், அது வேறு விஷயம். என் எரிச்சலுக்குக் காரணம், அந்தக் கதை இந்த ஆல்பத்தை ரொம்ப சுலபமாகப் புனிதமாக்கிவிடுகிறது என்பதுதான். உயிரோடு இருக்கும் ஒருவனுக்கு இரங்கற்பா எழுதலாமா என்ற கேள்வி அதற்குள் காணாமல் போய்விடுகிறது.

ஆல்பம் உருவான நாட்களைப் பார்த்தால் புனிதம் எதுவும் இல்லை. 1973இல் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வந்து பணமும் புகழும் கொட்டிவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று நால்வருக்கும் தெரியவில்லை. ரப்பர் பேண்டு, கண்ணாடிக் கோப்பை என்று வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் செய்யலாம் என்று சில வாரங்களை வீணாக்கினார்கள். கடைசியில் மிஞ்சியது கோப்பை விளிம்பில் விரலை ஓட்டி எழுப்பிய ஒலி. 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' தொடங்கும்போது அடியில் படர்ந்திருப்பதில் அதுவும் கலந்திருக்கிறது.

1975 ஜனவரியில் அபே ரோட்டில் உட்கார்ந்தபோதும் யாருக்கும் மனம் ஒட்டவில்லை. மேசனின் திருமண வாழ்க்கை உடைந்துகொண்டிருந்தது. புதிய ஒலிப்பதிவாளருக்கு அந்த ஸ்டூடியோவின் கருவி பழக்கமில்லை. பதிந்து வைத்ததில் எதிரொலி தவறுதலாக ஏறிவிட, எல்லாவற்றையும் மறுபடி வாசித்தார்கள். எல்லோரும் அங்கே இருந்தார்கள், ஆனால் யாருமே அங்கே இல்லை. வாட்டர்ஸ் அந்த மந்தத்தையே ஆல்பத்தின் பொருளாக்கினார். மேடையில் வாசித்துக்கொண்டிருந்த வேறு இரண்டு நீளமான பாட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு, 'ஷைன் ஆன்' பாட்டை இரண்டாக வெட்டி ஆல்பத்தின் முன்னும் பின்னும் வைக்கலாம் என்றார். கில்மோருக்கு அதில் உடன்பாடில்லை. ஓட்டெடுப்பில் தோற்றார். தோற்றது நல்லதாகப் போயிற்று.

அந்த முதல் பகுதியை நண்பன் ஒருவனுக்குப் போட்டுக் காட்டினேன். "டேய், எப்பதான்டா பாடுவாங்க?" என்று கேட்டான். எட்டரை நிமிடம் தாண்டித்தான் குரலே வருகிறது. அதுவரை கில்மோரின் கிட்டாரில் நான்கே சுரங்கள், யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது மாதிரி. வாட்டர்ஸுக்கு சிட்டைப் பற்றி எழுதத் தூண்டியது இந்த நான்கு சுரங்கள்தான். சொல்லுக்கு முன்னாலேயே துக்கம் வந்துவிட்டது. ப்ரோக்ரஸிவ் ராக்கில் நீளம் என்றால் பெரும்பாலும் வித்தை காட்டுவது. இங்கே அந்த நீளம் காத்திருப்பதற்கு.

நடுவில் வரும் 'வெல்கம் டு தி மெஷின்', 'ஹேவ் எ சிகார்' இரண்டும்தான் எனக்குப் பிரச்சினை. இளைஞனை விழுங்கும் இயந்திரம், குழுவைப் பற்றி எதுவுமே தெரியாத கம்பெனிக்காரர். இசையாக இரண்டும் பிரமாதம். 'ஹேவ் எ சிகார்' பாட்டை வாட்டர்ஸின் குரல் ஒத்துழைக்காததால் ராய் ஹார்ப்பர் என்ற வெளியாள் வந்து பாடியது கூட அர்த்தத்தோடு பொருந்திப் போகிறது. ஆனால் சிட்டைப் பற்றிய பாட்டின் இரு பாதிகளுக்கு நடுவில் இவற்றை வைக்கும்போது ஆல்பம் மறைமுகமாக ஒன்று சொல்கிறது: அவனை அழித்தது கம்பெனிகள்.

உண்மை அவ்வளவு வசதியானது இல்லை. 1968 ஜனவரியில் ஒரு நாள், சவுத்தாம்ப்டனில் நிகழ்ச்சி. காரில் போய்க்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிட்டை ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்க, வேண்டாம் விடு என்று இன்னொருவர் சொல்ல, கார் அப்படியே போய்விட்டது. கில்மோரே சொன்னது இது. சண்டை இல்லை, கடிதம் இல்லை. எந்த இயந்திரமும் அந்த காரை ஓட்டவில்லை. கூடவே இருந்த பசங்கதான்.

சரி, கைவிட்டவர்கள் என்று மட்டும் சொன்னால் நானும் பொய் சொன்னவனாகிவிடுவேன். 1970இல் வெளிவந்த சிட்டின் இரண்டு தனி ஆல்பங்களையும் முடித்துக் கொடுக்கக் கூட உட்கார்ந்தவர் கில்மோர். ஒன்றில் வாட்டர்ஸ், இன்னொன்றில் ரைட். கூட வாசித்தே ஆகவேண்டும் என்று அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த கார் ஆல்பத்தில் எங்கேயும் வரவில்லை என்பதுதான் என் குறை. வந்திருந்தால் இன்னும் பெரிய படைப்பாகியிருக்கும்.

கிட்டத்தட்ட வரும் ஓர் இடம் தலைப்புப் பாட்டு. கார் ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றும் சத்தம், பிறகு மெலிந்த ஒரு கிட்டார், அதோடு சேர்ந்து வாசிக்கும் இன்னொரு கிட்டார். அறையில் தனியாக உட்கார்ந்து ரேடியோவோடு வாசிக்கும் பையன். துணை தூரத்தில் எங்கேயோ இருக்கிறது. இந்தப் பாட்டில் குற்றம் சாட்ட யாரும் இல்லை. அதே கட்டடத்தில் பதிவுக்கு வந்திருந்த வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லியை இதில் வாசிக்க வைத்துவிட்டு, கடைசியில் கேட்கவே கேட்காத அளவுக்கு அமுக்கிவிட்டார்கள். 2011இல்தான் அந்த வயலின் வெளியே வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இல்லாத வடிவமே எனக்குப் பிடிக்கிறது.

'ஷைன் ஆன்' இரண்டு பாதியும் சேர்ந்து சுமார் 26 நிமிடம். சிட்டைப் புகழ்கிறது, அழைக்கிறது, அழுகிறது. ஆனால் சிட் எழுதிய இசை அதில் எங்கே இருக்கிறது? ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை. மற்றவர்கள் எல்லோரும் வாசித்து முடித்த பிறகு, ரைட்டின் கீபோர்டுகள் மட்டும் மெதுவாக நடந்துபோகும் கடைசிப் பகுதி. ஒலி தேய்ந்து மறையும் நொடிகளில் 'சீ எமிலி ப்ளே' பாட்டின் மெட்டிலிருந்து ஒரு துண்டு வாசிக்கிறார். சிட் எழுதி 1967இல் ஹிட்டான பாட்டு அது. வால்யூமைக் கூட்டி வைத்தால்தான் கேட்கும்.