தொட்டில் கணக்கு: சேலத்தில் விகிதம் ஏறியது எதனால்?

எங்க பெரியம்மா அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன தடவை சாத்தான்குளம் போயிருந்தப்ப, தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பற்றி நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை அவரிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏய்யா, ஒரு பிள்ளை பிழைச்சா போதாதா? அதுக்கு என்ன கணக்கு பாக்க?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் முயற்சிதான் இந்தப் பதிவு.

திட்டம் 1992-ல் சேலத்தில் ஆரம்பித்தது. 1986-லேயே 'இந்தியா டுடே' உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டு நாடே பேசியிருந்தது. வளர்க்க முடியாத குழந்தையைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் விட்டுவிட்டுப் போங்கள், யார் என்று கேட்க மாட்டோம் என்றது அரசு. வந்த குழந்தைகள் தத்துக்குப் போயின. 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் திட்டம் விரிந்தது.

இதை ஒரு மனிதாபிமான ஏற்பாடாக நான் குறை சொல்லவில்லை. என் சண்டை அடுத்து வரும் வாக்கியத்தோடு: "இத்திட்டத்தால் சேலத்தில் பெண் குழந்தைகள் விகிதம் உயர்ந்தது." ஆதாரம் கேட்டால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் காட்டுவார்கள். ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்பது அந்த எண். சேலத்தில் 2001-ல் 851, 2011-ல் 910-ஐத் தாண்டியது. தருமபுரியிலும் நல்ல ஏற்றம். பார்த்தவுடன் கேஸ் முடிஞ்சுது என்றுதான் தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பெருக்கிப் பார்க்கும் வரை. சேலம் மாவட்டத்தில் அந்த வயதில் ஆண் குழந்தைகள் தோராயமாக 1.75 லட்சம். ஆயிரத்துக்கு 60 கூடினால் பெண் குழந்தைகள் பத்தாயிரத்துக்கு மேல் கூடியிருக்க வேண்டும். ஆனால் மாநிலம் முழுக்க, அத்தனை வருஷத்திலும் தொட்டில்களுக்கு வந்த குழந்தைகளே சில ஆயிரம்தான். அதிலும் அவர்கள் தத்துப் போய் வேறு ஊர்களில் வளர்கிறார்கள். சென்னைக்குப் போன குழந்தையைச் சென்னையில்தான் எண்ணுவார்கள், சேலத்தில் எண்ண மாட்டார்கள். ஆக, தொட்டிலுக்கு வந்த குழந்தைகளால் நேரடியாக அந்த எண் ஏற வழியே இல்லை. மறைமுகமாக ஏறியிருக்கலாம்: அரசு கவனிக்கிறது என்ற பயம், ஊரில் எழுந்த பேச்சு, இப்படி. ஆனால் அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். அதே காலத்தில் வேறு என்னென்ன நடந்தது? பெண் குழந்தை பெயரில் பணம் போடும் திட்டம் வந்தது, அதுவும் 1992-ல்தான். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தது. தருமபுரியில் தொண்ணூறுகளின் கடைசியில் தெருநாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. ஷீலா ராணி சுங்கத்தும் வி. பி. ஆத்ரேயாவும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எங்க ஆபீஸில் ஒரே நாளில் ஆறு மாற்றங்களை சர்வரில் ஏற்றிவிட்டு, வேகம் கூடியதும் "என்னோட கோடுதான் காரணம்" என்று ஒருத்தன் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்போம். அரசு அறிக்கையில் அதே பேச்சு சாதனை ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. மாநிலம் மொத்தத்துக்கும் இந்த விகிதம் 2001-ல் 942, 2011-ல் 943. அசையவே இல்லை. சேலமும் தருமபுரியும் ஏறியபோது கடலூர் 957-லிருந்து 900-க்குக் கீழே விழுந்தது. அரியலூரும் விழுந்தது. இது தற்செயல் ஏற்ற இறக்கம் இல்லை, லட்சக்கணக்கான குழந்தைகள் இருக்கும் கணக்கில் அவ்வளவு ஆட்டம் இருக்காது. பிரச்சினை ஒரு பக்கம் குறைந்து இன்னொரு பக்கம் முளைத்திருக்கிறது. பழைய முறை போய் ஸ்கேன் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஸ்கேன் செய்து கலைப்பவர்களுக்குத் தொட்டில் எதற்கு? சாரதா ஸ்ரீனிவாசனும் அர்ஜுன் பேடியும் பிறப்புக்கு முன் நடக்கும் இழப்பையும் பின் நடக்கும் இழப்பையும் தனித்தனியாகப் பிரித்து ஆராய்ந்தது இதனால்தான். தொட்டிலின் பலன் எதாவது இருந்தால் இரண்டாவதில்தான் தெரியும். இரண்டையும் கலந்த எண்ணை வைத்துக்கொண்டு அதைத் தேட முடியாது.

2011 கணக்கு வந்ததும் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலைக்கும் தொட்டில் போனது. வியாதி எது என்று பார்க்காமல் அதே மாத்திரை.

பெரியம்மா விடவில்லை. "பிள்ளையைக் காப்பாத்தினவங்களே நல்லதுன்னு சொல்லுதாங்களே, பிறகென்ன?" அதற்கு நான் சொன்ன கதை அமெரிக்காவில் நடந்தது. 1939-ல் மாசசூசெட்ஸில் 506 சிறுவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வருஷக்கணக்கில் ஆலோசகர் வீட்டுக்கு வந்தார், படிப்பில் உதவி, கோடை முகாம். முப்பது வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் தேடிப் போனபோது உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பேர் "பயனாக இருந்தது" என்றார்கள். ஆனால் குடி, மனநோய், சீக்கிரச் சாவு என்று பார்த்தால் உதவி பெறாத பாதியைவிட அவர்கள் நிலைமை மோசம். 1978-ல் இது அச்சில் வந்தது. ஒப்பிட இன்னொரு பாதி இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அது வெற்றிக் கதைதான்.

தொட்டிலைக் குலுக்கல் போட்டுப் பிரிக்க முடியாது, உயிர் விஷயம். ஆனால் எண்ண வேண்டியதை எண்ணலாமே. தொட்டில்களுக்கு ஆண் குழந்தைகளும் வந்திருக்கின்றன. பெண் என்பதற்காக விடப்பட்டவர்கள் இல்லை அவர்கள். அப்படியானால் காரணம் என்ன? வறுமையா, கல்யாணத்துக்கு முன் பிறந்ததா, குழந்தைக்கு நோயா? கேட்க மாட்டோம் என்பதே திட்டத்தின் வாக்குறுதி என்பதால் பதிலும் கிடையாது. அந்தத் தாய்க்குக் கொஞ்சம் பணமோ ஒரு ஆலோசனையோ கிடைத்திருந்தால் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பாளா என்பதும் தெரியாது. 2015-ம் வருஷச் சிறார் நீதிச் சட்டத்தில், குழந்தையை முறைப்படி ஒப்படைக்கும் பெற்றோருக்கு ஆலோசனையும், மனசு மாற இரண்டு மாச அவகாசமும் உண்டு. தொட்டிலில் வைத்துவிட்டு இருட்டில் நடப்பவளிடம் உட்கார்ந்து பேச யாரும் இல்லை. குடும்பத்தோடு செய்ய வேண்டிய வேலை இந்த ஏற்பாட்டில் ஒரு வரிகூட இல்லை.

தமிழ்நாட்டால் முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. இங்கே 320 அங்கன்வாடிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிக்கு மட்டும் அரைநாள் வேலைக்கு ஒரு ஆள் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள் கார்த்திக் முரளிதரனும் கூட்டாளிகளும். ஒன்றரை வருஷத்தில் அந்த மையங்களின் குழந்தைகள் படிப்பில் முன்னே போனார்கள், ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. இதைச் சொன்னதும் பெரியம்மா சிரித்தார். "அதைத்தான்யா நாங்க ஒவ்வொரு மீட்டிங்லயும் கேட்டோம். ஒருத்தியே சமைக்கவும், ரிஜிஸ்டர் எழுதவும், பாட்டு சொல்லிக் கொடுக்கவும் எப்படி?"

அடுத்த கணக்கெடுப்பு 2027-ல். கடலூரில் எண் ஏறியிருந்தால் "தொட்டிலால்தான்" என்று யாராவது சொல்வார்கள். மாவட்ட வாரியான அட்டவணையில் அந்தப் பத்தியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே இன்னொரு பத்தியும் காலி: தொட்டிலுக்கு வந்த குழந்தைகளில் எத்தனை பேர் முதல் வருஷத்தைத் தாண்டினார்கள், மையம் வாரியாக. அதை நிரப்பக் கணக்கெடுப்பு வேண்டியதில்லை, மையங்களின் பதிவேடு போதும்.